எட்டு வினாடி எங்கே போனது? வலைச் செயலியின் தாமதத்தை அளந்து கண்டுபிடிப்பது எப்படி

2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசு ஹெல்த்கேர்.கவ் என்ற இணையதளத்தைத் திறந்தது. மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் வீட்டில் இருந்தபடியே திட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்து, பிடித்ததில் சேர்ந்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. முதல் நாளில் கடைசிப் படிவரை போய்ச் சேர்ந்தவர்கள் 6 பேர். அந்த மாதத்தில் ஒரு பக்கத்துக்குப் பதில் வர சராசரியாக 8 வினாடி பிடித்தது. பிரவுசர்கள் தளத்துக்கு அனுப்பிய கோரிக்கைகளில் நூற்றுக்கு 6 பிழையில் முடிந்தன. நவம்பர் கடைசியில் பதில் நேரம் 1 வினாடிக்கும் கீழே வந்திருந்தது, பிழையும் 1 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தது.

இடைப்பட்ட வாரங்களில் புதிய வன்பொருளைச் சேர்த்தார்கள், 400க்கும் மேற்பட்ட திருத்தங்களைச் செய்தார்கள். எல்லாம் சரி, ஆனால் தளத்தைச் சரிசெய்ய அழைக்கப்பட்ட மீட்புக் குழு வந்தபோது முதலில் தேடியது வேறு ஒன்றை. தளத்தின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஒரு திரை வேண்டும். அவ்வளவு பெரிய அமைப்பில் அது இல்லவே இல்லை. அதை அமைத்துப் பார்த்த பிறகுதான், அடிக்கடி தேவைப்படும் தகவலுக்குக்கூட ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸ்வரை போய் வருகிறார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தகவலைக் கேஷில், அதாவது சட்டென்று எடுக்கும்படி நகலை வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பில், வைத்ததும் 8 வினாடி ஏறத்தாழ 2 வினாடியாக இறங்கியது.

தளம் மெதுவாக இருக்கிறது என்ற புகார் வந்தவுடன் பெரும்பாலான அலுவலகங்களில் இன்னும் பெரிய சர்வர் வாங்கலாமா என்ற பேச்சுதான் முதலில் எழுகிறது. அடுத்து, யாருக்கோ நெடுநாளாகப் பிடிக்காத ஒரு லைப்ரரியை (பிறர் எழுதி நாம் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை) தூக்கிவிடலாம் என்ற யோசனை வருகிறது. இரண்டும் ஊகம்தான். நேரம் எங்கே செலவாகிறது என்று தெரியாமல் பணத்தைக் கொட்டினால் சில சமயம் பலன் கிடைக்கும், ஆனால் அது ஏன் கிடைத்தது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே பிரச்சினை திரும்பி வரும்போது கையில் எந்தத் தகவலும் இருக்காது. இந்த ஊகத்துக்கு மாற்றுதான் புரொஃபைலிங். ஒரு கோரிக்கை கிளம்பியதிலிருந்து பதில் வந்து சேரும்வரை ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு நேரம் கழிந்தது என்று கணக்கெடுப்பதற்கு அந்தப் பெயர்.

ஒரு கோரிக்கை கடந்துவரும் கட்டங்கள்

பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டியது முதல் பக்கம் தெரிவது வரை நடப்பவை இவை:

1. தளத்தின் பெயருக்குரிய ஐபி எண்ணைக் கண்டுபிடித்தல். இது டிஎன்எஸ்ஸின் வேலை.
2. சர்வரோடு இணைப்பு ஏற்படுத்துதல், பிறகு அந்த இணைப்பைப் பாதுகாப்பானதாக ஆக்குதல். இணைப்பை ஏற்படுத்தும் டிசிபி நெறிமுறைக்கு ஒரு முறை, அதைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் 1.3 நெறிமுறைக்கு இன்னொரு முறை போய்வர வேண்டும். பழைய டிஎல்எஸ் 1.2 என்றால் அதற்கு மட்டும் இரண்டு முறை.
3. சர்வர் வாசலில் காத்திருத்தல். கையில் வேலை இல்லாத ஒரு வொர்க்கர் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் செயலியின் பிரதி) கிடைக்கும்வரை கோரிக்கை வரிசையில் நிற்கும்.
4. நிரல் ஓடுதல். உள்நுழைவைச் சரிபார்ப்பது, கணக்குப் போடுவது, டெம்ப்ளேட்டை (பக்கத்தின் அச்சு வடிவத்தை) நிரப்புவது எல்லாம் இதில் அடக்கம்.
5. நிரல் பிறரிடம் கேட்டுவிட்டுக் காத்திருத்தல். டேட்டாபேஸ், கேஷ் சர்வர், ஓடிபி அனுப்பும் சேவை, பணம் வாங்கும் சேவை என்று யாரும் இதில் வரலாம்.
6. பதில் கம்பி வழியே பயணிப்பதும், பிரவுசர் அதைப் பிரித்துத் திரையில் வரைவதும்.

புகார் சொல்பவருக்கு இந்த ஆறும் ஒன்றுதான். அவர் பார்ப்பது ஒரு வெற்றுத் திரையை. அதனால் 1, 2, 6 ஆகிய கட்டங்களில் தாமதமா, நடுவில் உள்ள மூன்றிலா என்பதை முதலில் பிரித்தாக வேண்டும். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து ஒரு கோரிக்கையைச் சொடுக்கினால் பெயர் தேடல், இணைப்பு, சர்வரின் பதிலுக்குக் காத்திருந்தது, பதிவிறக்கம் என்று தனித்தனிப் பட்டைகள் தெரியும். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமலேயே டேட்டாபேஸைக் குடைய ஆரம்பிப்பவர்கள் நிறைய.

தூரத்துக்கும் ஒரு விலை உண்டு. ஒளியிழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா ஏறத்தாழ 13,500 கி.மீ. ஒரு முறை போய்வர 27,000 கி.மீ., அதாவது குறைந்தது 135 மில்லி வினாடி. இணைப்புக்கு ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று, கோரிக்கைக்கு ஒன்று என்று மூன்று முறை போய்வந்தால் 400 மில்லி வினாடி கரைந்துவிடும். சர்வர் இன்னும் ஒரு வரிகூட ஓடியிருக்காது. எவ்வளவு திறமையான நிரல் எழுதினாலும் இந்த நேரத்தைக் குறைக்க முடியாது. சர்வரையோ கேஷையோ வாசகருக்குப் பக்கத்தில் கொண்டுவருவதுதான் வழி.

வேலை செய்த நேரமும் காத்திருந்த நேரமும்

அரசு மருத்துவமனைக்குப் போய்வர மூன்று மணி நேரம் ஆகிறது என்றால், மருத்துவர் நம்மைப் பார்த்தது ஐந்து நிமிடமாக இருக்கும். மீதியெல்லாம் சீட்டு வாங்கும் வரிசையும் ரத்தப் பரிசோதனை முடிவுக்கான காத்திருப்பும். மருத்துவர் இரண்டு மடங்கு வேகமாகப் பார்த்தாலும் இரண்டரை நிமிடம்தான் மிச்சம்.

வலைச் செயலியிலும் இந்த இரண்டு நேரங்களைப் பிரித்தே அளக்க வேண்டும். சிபியு உண்மையிலேயே கணக்குப் போட்ட நேரம் ஒன்று. கடிகாரத்தில் ஓடிய மொத்த நேரம் இன்னொன்று. ஒரு கோரிக்கைக்குக் கடிகாரப்படி 1000 மில்லி வினாடி ஆகி, சிபியு நேரம் 200 மட்டுமே என்றால், மீதி 800 மில்லி வினாடி நிரல் கைகட்டிக்கொண்டு யாருக்கோ காத்திருந்தது என்று அர்த்தம். இந்த நிலையில் நிரலை இரட்டிப்பு வேகமாக்கினால் மொத்தம் 900 ஆகும். காத்திருப்பைப் பாதியாக்கினால் 600 ஆகும். எதைத் தொட வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-ல் பல சிபியுக்களைப் பயன்படுத்தும் கணினிகளைப் பற்றி முன்வைத்த வாதம், இன்று ஆம்டால் விதி என்று சொல்லப்படுவது, இதே தர்க்கம்தான். ஒரு பகுதியை எவ்வளவு வேகமாக்கினாலும், மொத்தத்தில் அந்தப் பகுதிக்கு உள்ள பங்கைத் தாண்டி லாபம் கிடைக்காது.

பல புரொஃபைலர்கள் சிபியு நேரத்தை மட்டும் காட்டுவதும் உண்டு. அதைக் கவனிக்காமல் அறிக்கையைப் படித்தால் டேட்டாபேஸுக்காகக் காத்திருந்த 800 மில்லி வினாடி அதில் இருக்கவே இருக்காது. எந்தக் கருவியைத் திறந்தாலும், எண்களைப் பார்ப்பதற்கு முன் அது எந்த நேரத்தை அளக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

புரொஃபைலர் எப்படி அளக்கிறது

இரண்டு முறைகள் உள்ளன.

முதல் முறையில் ஒவ்வொரு ஃபங்க்ஷனும் (நிரலில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் பகுதி) தொடங்கும்போதும் முடியும்போதும் நேரம் குறிக்கப்படுகிறது. பைத்தானின் சிபுரொஃபைல், பிஹெச்பியின் எக்ஸ்டீபக் ஆகியவை இந்த வகை. எந்த ஃபங்க்ஷன் எத்தனை தடவை அழைக்கப்பட்டது என்பதுவரை துல்லியமாகச் சொல்லும். ஆனால் குறிப்பதற்கே நேரம் ஆகிறதே! லட்சம் தடவை அழைக்கப்படும் ஒரு குட்டி ஃபங்க்ஷன், குறிப்பெடுக்கும் செலவாலேயே பெரிய குற்றவாளி போலத் தெரியும். அதனால் இந்த வகையை வாசகர்கள் பயன்படுத்தும் உண்மையான தளத்தில் ஓடவிடக் கூடாது. சொந்தக் கணினியில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது முறை மாதிரி எடுப்பது. 10 மில்லி வினாடிக்கு ஒரு தடவை நிரல் அந்த நொடியில் எந்த ஃபங்க்ஷனுக்குள் இருக்கிறது, அதை அழைத்தது யார், அதையும் அழைத்தது யார் என்று எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வது. ஆயிரம் மாதிரிகளில் 400 தடவை ஒரே இடத்தில் இருந்தால் நேரத்தில் சுமார் 40 சதவீதம் அங்கே போகிறது. பைஸ்பை போன்ற கருவி, ஓடிக்கொண்டிருக்கும் பைத்தான் செயலியை நிறுத்தாமல் வெளியிலிருந்தே இப்படிப் பார்த்துவிடும். செலவு மிகக் குறைவு என்பதால் நிஜத் தளத்திலேயே தைரியமாகப் பயன்படுத்தலாம்.

மாதிரிகள் ஆயிரக்கணக்கில் குவிந்தால் படிக்க முடியாது. 2011-ல் கணினி வேகத்தை ஆராயும் வல்லுநர் பிரெண்டன் கிரெக், மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் ஒரு சிக்கலைத் துப்பறியும்போது இதற்காக ஃப்ளேம் கிராஃப் என்ற படத்தை உருவாக்கினார். ஒன்றின் மேல் ஒன்றாகப் பட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். கீழே உள்ள ஃபங்க்ஷன் மேலே உள்ளதை அழைத்தது. பட்டையின் அகலம் அது எடுத்துக்கொண்ட நேரத்தின் பங்கு. புதிதாகப் பார்ப்பவர்கள் இடமிருந்து வலமாக நேரம் ஓடுவதாக நினைத்துவிடுவார்கள். அப்படி இல்லை, பட்டைகள் பொதுவாக அகர வரிசையில் நிற்கின்றன. உச்சியில் அகலமாக, தட்டையாக நிற்கும் பட்டைதான் முதலில் பார்க்க வேண்டிய இடம்.

விக்கிப்பீடியா தன் கணக்கைத் திறந்தே வைத்திருக்கிறது

இதற்கெல்லாம் கருவி நிறுவ வேண்டும் என்பதில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் நீளமான ஒரு கட்டுரையைத் திறந்து, பிரவுசரில் அந்தப் பக்கத்தின் மூலத்தைப் பாருங்கள். கட்டுரை முடியும் இடத்துக்கு அருகே ஹெச்டிஎம்எல் குறிப்பாக ஒரு அறிக்கை இருக்கும். அந்தப் பக்கத்தைத் தயாரிக்க எவ்வளவு சிபியு நேரம் ஆனது, கடிகார நேரம் எவ்வளவு என்று இரண்டும் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே ஒரு பட்டியல்: எந்த வார்ப்புரு (பல கட்டுரைகளில் திரும்பப் பயன்படுத்தும் அச்சு), எத்தனை தடவை அழைக்கப்பட்டது, எத்தனை மில்லி வினாடி, மொத்தத்தில் எத்தனை சதவீதம். உலகமே பார்க்கும் ஒரு தளம் தன் புரொஃபைலை ஒவ்வொரு பக்கத்திலும் இப்படி ஒட்டிவைத்திருப்பது அருமையான ஏற்பாடு. புரொஃபைல் படிக்கப் பழகுவதற்கு இதைவிட எளிய இடம் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பட்டியலைச் சில கட்டுரைகளில் பார்த்தாலே ஒரு போக்கு பிடிபடும். பெரும்பாலும் மேலே இருப்பவை தகவற்பெட்டியும் மேற்கோள் வார்ப்புருக்களும்தான். ஒரு மேற்கோள் வார்ப்புருவுக்கு ஆகும் நேரம் சிறியது. ஆனால் கட்டுரையில் 200 மேற்கோள்கள் இருந்தால் அது 200 தடவை ஓடுகிறது. ஒரு காலத்தில் இந்த வார்ப்புருக்கள் விக்கி மொழியிலேயே எழுதப்பட்டிருந்தன. அது நிரல்மொழியாக உருவானதல்ல என்பதால், மேற்கோள் நிறைந்த கட்டுரைகளைத் தொகுத்துச் சேமிப்பவர்கள் பல வினாடி காத்திருந்தார்கள். 2013-ல் விக்கிப்பீடியாக்களில் லுவா என்ற நிரல்மொழியில் வார்ப்புருக்களை எழுத வழி செய்யப்பட்டது, மேற்கோள்கள் அதற்கு மாறின. எதை மாற்ற வேண்டும் என்ற தேர்வுக்குப் பின்னால் அளவீடு இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. எல்லா வார்ப்புருக்களையும் ஒரே நாளில் மாற்றி எழுத யாராலும் முடிந்திருக்காது.

அந்தத் தாமதத்தை வாசகர்கள் பெரும்பாலும் உணரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு முறை தயாரான பக்கம் கேஷில் வைக்கப்பட்டு அடுத்தவருக்கு அப்படியே போய்விடும். 2018-ல் விக்கிமீடியா சிங்கப்பூரில் ஒரு கேஷ் மையத்தையும் திறந்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் 2,900 கி.மீ. அளவுதான், வர்ஜீனியாவோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகமான தூரம். ஆனால் தொகுத்துச் சேமிப்பவருக்குக் கேஷ் உதவாது. பக்கம் புதிதாகத் தயாராக வேண்டும். ஒரே தளத்தில் வாசிப்பவரின் கோரிக்கையும் எழுதுபவரின் கோரிக்கையும் முற்றிலும் வேறு பாதைகளில் போகின்றன. இரண்டையும் ஒரே எண்ணில் கலந்து அளந்தால் எழுதுபவரின் அவதி கண்ணுக்கே தெரியாமல் போகும்.

ஒன்றும் கெடுதல் இல்லாதது போலத் தெரியும் குவெரிகள்

சாதாரண வலைச் செயலிகளில் அதிகமாகச் சிக்கும் இடம் டேட்டாபேஸ்தான். அதிலும் ஒரு வகைத் தவறு எல்லா மொழிகளிலும் எல்லா ஃபிரேம்வொர்க்குகளிலும் (செயலி கட்டுவதற்கான ஆயத்த அடித்தளங்களிலும்) திரும்பத் திரும்ப வருகிறது. அதன் பெயர் என் பிளஸ் ஒன்.

ஒரு செய்தித் தளத்தின் முகப்பில் 50 கட்டுரைகளின் தலைப்பும், ஒவ்வொன்றுக்கும் எழுதியவர் பெயரும் காட்ட வேண்டும். நிரல் ஒரு குவெரியில், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வியில், 50 கட்டுரைகளை எடுக்கிறது. பிறகு டெம்ப்ளேட்டில் ஒவ்வொரு கட்டுரைக்கும் எழுத்தாளர் பெயரை அச்சிடும்போது, ஃபிரேம்வொர்க் சத்தமில்லாமல் ஒரு குவெரியை அனுப்பி அந்தப் பெயரைக் கொண்டுவருகிறது. 50-ம் 1-ம் சேர்ந்து மொத்தம் 51 குவெரிகள். நிரலைப் படிப்பவர் கண்ணுக்கு அது ஒரு சாதாரண வரி, குவெரி என்றே தோன்றாது.

ஒவ்வொன்றும் 1 மில்லி வினாடியில் முடிந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். செயலியும் டேட்டாபேஸும் ஒரே கணினியில் இருக்கும்வரை அப்படித்தான் இருக்கும். டேட்டாபேஸை வேறு சர்வருக்கு மாற்றினால் ஒவ்வொரு குவெரிக்கும் போய்வரும் நேரம் சேர்கிறது. அது 5 மில்லி வினாடி என்றால் முகப்புப் பக்கத்துக்கு 250 மில்லி வினாடிக்கு மேல் கூடுகிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் கருத்துகளின் எண்ணிக்கையும் குறிச்சொற்களும் காட்ட வேண்டும் என்று சேர்த்தால் இன்னும் இரண்டு மடங்கு.

மெதுவான குவெரிகளைப் பதிந்துவைக்கும் லாகில் (பதிவேட்டில்) இது சிக்காது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. மைஎஸ்க்யூஎல்லில் அந்த லாகைத் திறந்துவிட்டாலும், வேறு அளவு கொடுக்காதவரை 10 வினாடிக்கு மேல் ஓடிய குவெரி மட்டுமே அதில் பதிவாகும். 5 மில்லி வினாடிக் குவெரி எத்தனை ஆயிரம் தடவை ஓடினாலும் அதன் கண்ணில் படாது. பார்க்க வேண்டியது ஒரு குவெரியின் நேரத்தை அல்ல, அந்த வடிவத்தில் வந்த எல்லாக் குவெரிகளின் கூட்டுத் தொகையை. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் உள்ள பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் என்ற துணைக் கருவி இதைத்தான் செய்கிறது. மதிப்புகளை ஒதுக்கிவிட்டு ஒரே வடிவக் குவெரிகளைச் சேர்த்து, எத்தனை தடவை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் என்று தரும். மொத்த நேரத்தின்படி இறங்குவரிசையில் அடுக்கிப் பார்த்தால், அறிக்கைகளுக்காக இரவில் ஓடும் கனமான குவெரியைவிட இந்தக் குட்டிக் குவெரி மேலே இருப்பது பலருக்கு ஆச்சரியம் தரும்.

திருத்துவது கடினம் இல்லை. தேவையான எழுத்தாளர்களை எல்லாம் ஒரே குவெரியில் கேட்டு வாங்க வேண்டும். ஃபிரேம்வொர்க்குகளில், ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட், பிரீஃபெட்ச் ரிலேட்டட், ரெயில்ஸில் இன்க்ளூட்ஸ், லாராவெல்லில் வித் என்று எல்லோரும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 51 குவெரி 1 அல்லது 2 ஆகிவிடும். ஒரு பக்கத்துக்கு எத்தனை குவெரி போகிறது என்பதை ஜாங்கோ டீபக் டூல்பார் போன்றவை பக்கத்தின் ஓரத்திலேயே காட்டும்.

இன்னொரு வகை, இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்னால் உள்ள சொல்லடைவு போன்றது) இல்லாத தேடல். சொந்தக் கணினியில் அட்டவணையில் 200 வரிசைகள் இருக்கும்போது முழுவதையும் படித்தாலும் கண் இமைக்கும் நேரம்தான். நிஜத்தில் 20 லட்சம் வரிசைகள் இருக்கும். எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் என்று குவெரிக்கு முன்னால் சேர்த்து ஓட்டினால் டேட்டாபேஸ் தான் எந்த வழியில் போனது, எத்தனை வரிசைகளைப் படித்தது, அவற்றில் எத்தனையைத் தூக்கிப் போட்டது என்று சொல்லும். 20 லட்சம் படித்து, ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழித்திருந்தால் விஷயம் விளங்கிவிடும். இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாமல் போவதும் உண்டு. மின்னஞ்சல் முகவரியைச் சிறிய எழுத்துக்கு மாற்றி ஒப்பிடும்படி குவெரி எழுதியிருந்தால், மாற்றாத முகவரிக்குப் போட்ட சாதாரண இண்டெக்ஸ் அங்கே உதவாது. மாற்றிய வடிவத்துக்கே தனியாக இண்டெக்ஸ் போட வேண்டும்.

சராசரி மறைப்பது

நூறு கோரிக்கைகளில் 99 பேருக்கு 100 மில்லி வினாடி, ஒருவருக்கு 10 வினாடி என்று வைத்துக்கொள்வோம். சராசரி 199 மில்லி வினாடி. அறிக்கையில் அழகாக இருக்கும். ஆனால் 199 மில்லி வினாடியை அனுபவித்தவர் அந்த நூறு பேரில் ஒருவர்கூட இல்லை.

அதனால் பெர்சென்டைல் கணக்கில் பேசுவது வழக்கம். பி50 என்பது பாதிப் பேருக்கு இதற்குள் பதில் கிடைத்தது என்ற அளவு. பி95 என்றால் நூற்றில் 95 பேருக்கு, பி99 என்றால் 99 பேருக்கு. கடைசி ஒரு சதவீதம் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். அதிகமான ஆர்டர்கள் வைத்திருக்கும் பழைய வாடிக்கையாளர், நீளமான பதிவேடு உள்ள நோயாளி, ஆயிரம் மாணவர்கள் உள்ள பள்ளி. தளத்தை அதிகம் நம்பியிருப்பவர்களே அதிகத் தரவு வைத்திருப்பார்கள், அதிகம் காத்திருப்பவர்களும் பல சமயம் அவர்கள்தான்.

ஒரு பக்கம் பல சேவைகளைக் கேட்டுத் தயாராகிறது என்றால் இந்தக் கடைசி ஒரு சதவீதம் பெருகும். கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு சர்வரும் நூற்றில் ஒரு தடவை மட்டும் 1 வினாடிக்கு மேல் எடுக்கிறது. ஒரு கோரிக்கை அப்படிப்பட்ட 100 சர்வர்களின் பதிலுக்காக ஒரே நேரத்தில் காத்திருந்தால், 63 சதவீதக் கோரிக்கைகள் 1 வினாடியைத் தாண்டிவிடும்.

வரிசையில் நிற்கும் நேரத்தை நிரலால் பார்க்க முடியாது

தேர்வு முடிவு வெளியாகும் காலை, டிக்கெட் முன்பதிவு திறக்கும் நிமிடம் போன்ற நேரங்களில் நேற்றுவரை ஒழுங்காக ஓடிய தளம் திடீரென்று ஏன் விழுகிறது என்று பலருக்குக் குழப்பம். கூட்டம் இரண்டு மடங்கானால் தாமதமும் இரண்டு மடங்காகத்தானே வேண்டும்?

அப்படி ஆவதில்லை. கோரிக்கைகள் ஒழுங்கில்லாமல் வந்துசேரும் ஒரு எளிய வரிசையில், சர்வர் பாதி நேரம் வேலையாக இருக்கும்போது ஒரு கோரிக்கைக்கு ஆகும் மொத்த நேரம், வெறும் வேலை நேரத்தைப்போல 2 மடங்கு. 80 சதவீதம் வேலையாக இருந்தால் 5 மடங்கு, 90 என்றால் 10 மடங்கு, 95 என்றால் 20 மடங்கு. 50-லிருந்து 80 வரை ஏறும்போது பெரிதாகத் தெரியாத தாமதம், 90-ஐத் தாண்டியதும் செங்குத்தாக ஏறுகிறது.

இன்னொரு கணக்கு. 20 வொர்க்கர்கள், ஒவ்வொரு கோரிக்கைக்கும் அரை வினாடி. வினாடிக்கு 40 கோரிக்கைகளைக் கையாளலாம். அந்தச் செயலி ஓடிபி அனுப்ப வெளியே ஒரு சேவையை நம்பியிருக்கிறது. அந்தச் சேவை ஒரு நாள் திணறி, அதற்குப் போகும் கோரிக்கைகள் 5 வினாடி பிடிக்க ஆரம்பிக்கின்றன. வொர்க்கர்கள் எல்லோரும் அதிலேயே மாட்டிக்கொண்டால் வினாடிக்கு 4 கோரிக்கைகள்தான் நகரும். ஓடிபியே தேவைப்படாத ‘எங்களைப் பற்றி’ பக்கம்கூடத் திறக்காது, ஏனென்றால் அதைக் கவனிக்க ஆள் இல்லை. இந்த நேரத்தில் சர்வரின் சிபியுவைப் பார்த்தால் சும்மா இருக்கும். பெரிய சர்வர் வாங்கினால் அதுவும் சும்மாதான் இருக்கும். செய்ய வேண்டியது வேறு: வெளிச் சேவைக்குக் காத்திருக்க ஒரு உச்சவரம்பு வைப்பது, அந்த வேலையைக் கோரிக்கையிலிருந்து பிரித்துப் பின்னணியில் தனி வரிசைக்கு அனுப்புவது.

மேலே சொன்ன மூன்றாவது கட்டமான வாசல் வரிசையை, நிரலுக்குள் ஓடும் புரொஃபைலரால் அளக்க முடியாது. கோரிக்கை உள்ளே நுழைந்த பிறகுதான் அதன் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அதனால் செயலியின் அறிக்கையில் 200 மில்லி வினாடி என்று இருக்கும்போதே பயனருக்கு 6 வினாடி ஆகியிருக்கலாம். இரண்டு தரப்பும் தாங்கள் பார்த்ததைச் சரியாகத்தான் சொல்கிறார்கள். இதைப் பிடிக்க, செயலிக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் என்ஜின்எக்ஸ் போன்ற சர்வர் மென்பொருளின் லாகில் செயலியிடமிருந்து பதில் வர எடுத்த நேரத்தையும் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். அதற்கான அமைப்பு அதிலேயே உள்ளது. அந்த எண்ணையும் செயலியே சொல்லும் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி வரிசையில் நின்ற நேரம்.

பல சேவைகளைக் கடந்துபோகும் கோரிக்கை

ஒரே செயலியாக இல்லாமல் பத்து சேவைகளாகப் பிரிந்திருக்கும் தளத்தில் ஒவ்வொரு சேவையையும் தனித்தனியாகப் புரொஃபைல் செய்தால் கதையின் துண்டுகள்தான் கிடைக்கும். கோரிக்கை வாசலில் நுழையும்போதே அதற்கு ஒரு எண் கொடுத்து, அது போகும் இடமெல்லாம் அந்த எண்ணையும் கூடவே அனுப்பி, பிறகு எல்லாத் துண்டுகளையும் ஒரே நேரக்கோட்டில் அடுக்குவது டிரேசிங். கூகுள் தன் டாப்பர் அமைப்பைப் பற்றி 2010-ல் வெளியிட்ட கட்டுரைதான் இதைப் பரவலாக்கியது. ட்விட்டர் தன் டிரேசிங் கருவியான ஸிப்கினை 2012-லும், ஊபர் தன் ஜேகரை 2017-லும் எல்லோருக்கும் திறந்துவிட்டன. 2019-ல் தொடங்கிய ஓபன்டெலிமெட்ரி இன்று பொதுத் தரமாக இருக்கிறது. எல்லாக் கோரிக்கைகளையும் பதிய வேண்டிய அவசியமும் இல்லை. டாப்பர் தொடக்கத்தில் 1024-ல் ஒன்றைத்தான் பதிந்தது. கூகுள் அளவுக் கூட்டத்துக்கு அதுவே போதும், சிறிய தளங்கள் இன்னும் அதிக விகிதத்தில் பதியலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இந்தப் பதிவுகளில் குவெரியின் மதிப்புகளும் முகவரிகளும் அப்படியே போய் உட்கார்ந்துவிடும். தொலைபேசி எண், ஆதார் எண், கடவுச்சொல் மாற்றும் இணைப்பு எல்லாம் அளவீட்டுத் திரையில் யாரும் பார்க்கும்படி கிடக்கக் கூடாது. பதியும் இடத்திலேயே அவற்றை மறைத்துவிட வேண்டும்.

எந்த வரிசையில் பார்ப்பது

1. எந்தப் பக்கம், யாருக்கு, எப்போது மெதுவாக இருக்கிறது என்று லாகிலிருந்து எடுங்கள். பக்கவாரியாக பி50, பி95 இரண்டும் வேண்டும். ஒரு பக்கத்தின் நேரத்தை அதன் வருகை எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். 3 வினாடி எடுத்து நாளுக்கு 10 பேர் பார்க்கும் பக்கத்தைவிட, 400 மில்லி வினாடி எடுத்து லட்சம் பேர் பார்க்கும் பக்கம் முக்கியமாக இருக்கலாம்.
2. பிரவுசரா, பயண தூரமா, சர்வரா என்று பிரியுங்கள்.
3. சர்வர் என்றால் வாசல் வரிசையில் நின்ற நேரம், சிபியு நேரம், பிறருக்குக் காத்திருந்த நேரம் என்று மூன்றாகப் பிரியுங்கள்.
4. காத்திருப்பு அதிகம் என்றால் குவெரிகளின் எண்ணிக்கை, அவற்றின் மொத்த நேரம், வெளிச் சேவைகள் என்ற வரிசையில் பாருங்கள். சிபியு அதிகம் என்றால் ஃப்ளேம் கிராஃபைத் திறங்கள்.
5. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே அளவு தரவோடும் அதே அளவு கூட்டத்தோடும் மறுபடி அளங்கள்.

இந்தப் பட்டியலில் கேஷை நான் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. ஹெல்த்கேர்.கவ் தளத்துக்கு அது கைகொடுத்தது, அளந்த பிறகு சரியான இடத்தில் வைத்ததால். இண்டெக்ஸ் இல்லாத குவெரியை மறைக்கக் கேஷ் போட்டால், கேஷ் காலியாகும் நிமிடத்தில் காத்திருக்கும் எல்லாக் கோரிக்கைகளும் ஒன்றாக டேட்டாபேஸ் மேல் விழும். பயனருக்குப் பயனர் மாறும் பக்கத்தைத் தவறாகக் கேஷ் செய்தால் ஒருவரின் விவரம் இன்னொருவருக்குப் போய்விடும், அது தாமதத்தைவிடப் பல மடங்கு மோசம். குவெரியைச் சரிசெய்துவிட்டு, அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் கேஷுக்குப் போகலாம்.

ஓர் அடைப்பை நீக்கினால் அடுத்த அடைப்பு மேலே வரும். டேட்டாபேஸ் நேரம் 800-லிருந்து 100 ஆனதும், நேற்றுவரை கண்ணில் படாத 200 மில்லி வினாடி டெம்ப்ளேட் இப்போது முதலிடத்தில் இருக்கும். இப்படியே போனால் முடிவே இல்லை என்பதால், தொடங்கும்போதே ஓர் இலக்கை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். முகப்புப் பக்கத்தின் பி95 500 மில்லி வினாடிக்குள் என்பதைப் போல. அதை எட்டியதும் அங்கே நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

அப்புறம், சரிசெய்தது சரியாகவே இருக்க ஒரு காவல் வேண்டும். என் பிளஸ் ஒன் தவறு திரும்பி வருவது மிக எளிது, டெம்ப்ளேட்டில் யாரோ ஒரு வரி சேர்த்தால் போதும். ஜாங்கோவின் சோதனைக் கருவியில் அஸெர்ட் நம் குவெரீஸ் என்று ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்துக்கு 2 குவெரிதான் போக வேண்டும் என்று அதில் எழுதிவைத்தால், யாராவது அதை 52 ஆக்கும் அன்றே சோதனை தோற்கும், அந்த மாற்றம் தளத்துக்குப் போகாது.